ஏழாம் நம்பர் மிஷினின் நாலாவது கால்

கைக்குட்டை இருந்தது. அதுதான் கொடுமை. வீட்டில் மறந்து வைத்திருந்தாலோ பேருந்தில் தொலைத்திருந்தாலோ மனம் ஒருவாறு ஆறிப்போயிருக்கும். இது கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில், எட்டாக மடித்து, ஏழாம் நம்பர் மிஷினின் வலது முன்காலுக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் பதினைந்து கிலோ இரும்பு உட்கார்ந்திருந்தது. நீலக் கோடு போட்ட ஒரு மூலை மட்டும், பேருந்துக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட வேட்டி நுனிபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சோலைராஜ் அந்த மூலையையே பார்த்தான். அவனுடைய வலது மூக்குத் துவாரத்துக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு, சோம்பல் முறித்து, படியிறங்கத் தொடங்கியது. உறிஞ்சினான். முப்பத்திரண்டு பேர் முப்பத்திரண்டு தட்டச்சு மிஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்து தேர்வு மணிக்குக் காத்திருந்த கூடம் அது. தாள் பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் அவன் உறிஞ்சியது, காலி வாளியைச் சிமெண்டுத் தரையில் இழுத்ததுபோல் அவனுக்கே கேட்டது. இடப்பக்கத்து மேசையில் இருந்த மெர்லின் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய தட்டச்சு இன்ஸ்டிடியூட்டிலேயே அவனுக்கு அடுத்த மிஷினில் பழகுகிறவள், பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்தவள், பயம் என்பதே இல்லாதவள். "அண்ணே, கர்சீப்ப மிஷினுக்குக் கட்டிவிட்டாச்சு. மூக்குக்கு என்ன கட்டப்போறீங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் மூக்கு சிதறும்.

எல்லாம் அந்தச் செருப்புத் துண்டால் வந்தது. ஏழாம் நம்பர் மிஷினுக்கு வலது முன்காலின் ரப்பர் எப்போதோ போய்விட்டது. நிலக்கோட்டை இன்ஸ்டிடியூட்டில் அதற்குப் பதிலாகப் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒரு துண்டு வைத்திருப்பார்கள். நேற்று மாலை தேர்வுக்காக மிஷின்களைக் குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றித் திண்டுக்கல்லில் இருக்கும் இந்தப் பாலிடெக்னிக்குக்குக் கொண்டுவரும்போது அந்தத் துண்டு எங்கோ விழுந்துவிட்டது. ஏற்றும்போதே மழை. இருந்த ஒரே தார்ப்பாயை, தட்டச்சு சொல்லித்தரும் ரெங்கசாமி மாஸ்டர் மிஷின்களின் மேல் போட்டார். மிஷின்களைப் பிடித்துக்கொள்ள வண்டியில் ஏறிய சோலைராஜ் தார்ப்பாய்க்கு வெளியே நின்றான். "மாஸ்டர், நான் நனையுறேன்" என்றதற்கு அவர், "நீ நனைஞ்சா காஞ்சிருவ, மிஷின் நனைஞ்சா துருப்பிடிச்சுரும்" என்றார். அது நியாயமாகவே பட்டது அவனுக்கு. யாராவது உறுதியான குரலில் எதைச் சொன்னாலும் அவனுக்கு நியாயமாகத்தான் படும். இன்று காலை கூடத்துக்குள் வந்து மிஷினைத் தட்டிப் பார்த்தபோது அது நொண்டியது. நொண்டினால் வேகமாக அடிக்கையில் நடக்கும், நடந்தால் மேசையின் விளிம்புவரைக்கும் போகும். அப்போது அவன் மிகுந்த முன்யோசனையோடு, கொஞ்சம் பெருமையோடுகூட, சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து, இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து, மெர்லினை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி அடியில் வைத்தான். மிஷின் மலைபோல் நின்றது. அந்த நேரம் மூக்கு வறண்டிருந்தது. காலையில் அம்மா கொடுத்த கசாயத்தில் சளி முறிந்துவிட்டது என்று அவன் நம்பிய அந்த இருபது நிமிடம், எதிரி கூடாரத்துக்குள் படுத்திருந்த இருபது நிமிடம் என்று இப்போதுதான் தெரிகிறது.

தூக்கி எடுத்துவிடலாமா? தாளைச் செருகியாகிவிட்டது. செருகிய பிறகு மிஷினைத் தொடக்கூடாது. அதை மேற்பார்வையாளர் இப்போதுதான் சொன்னார். முழுக்கைச் சட்டை போட்ட ஐம்பது வயதுக்காரர், ஒவ்வொரு விதியையும் தன் வாழ்க்கையில் யாரோ மீறி அவரைப் புண்படுத்தியதுபோலச் சொன்னார். "விடைத்தாள்ல எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. பிள்ளையார் சுழி, சிலுவை, பிறை, நன்றி வணக்கம், எதுவும் கூடாது. போன தடவ ஒருத்தரு கடைசியில பூ படம் அடிச்சு வச்சிருந்தாரு. தாளே செல்லாமப் போச்சு. மணி அடிச்சதும் ரெண்டு கையும் மேல போயிரணும். நான் வந்து தாள உருவுற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. மணிக்கப்புறம் ஒரு எழுத்து விழுந்தாலும் எனக்குக் கேட்கும்." எந்த அடையாளமும் கூடாது. சோலைராஜின் மனம் அந்த இடத்தில் முள்ளில் துணி மாட்டியதுபோல் மாட்டிக்கொண்டது. ஒரு சொட்டு விழுந்தால்? தாளின் நடுவில், வட்டமாக, ஓரம் சுருங்கி, காய்ந்த பிறகும் தெரிகிற மாதிரி ஒரு சொட்டு விழுந்தால் அது அடையாளமா? திருத்துகிறவர் எங்கோ ஓர் ஊரில் கட்டைப் பிரித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, இந்தத் தேர்வர் தம்மை அடையாளம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று சிவப்பு மையில் எழுதுவாரா? கேட்டுவிடலாமா? கையைத் தூக்கி, "சார், மூக்குச்சளி அடையாளக் குறியா?" கேட்காமல் அடித்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதைவிடக் கேட்பது நேர்மை. ஆனால் கேட்ட பிறகு மற்ற முப்பத்தோரு பேரும் அவன் மூக்கைத்தான் பார்ப்பார்கள், மெர்லின் ஆயுளுக்கும் சிரிப்பாள்.

வேறு என்ன இருக்கிறது துடைக்க? ஒரு துண்டுக் காகிதம்கூட உள்ளே கொண்டுவரக்கூடாது என்று பையையெல்லாம் வராந்தாவில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பைக்குள் சான்றிதழ்க் கோப்பு. அந்தக் கோப்புக்குள், மதுரையில் ஒரு பெரிய பேக்கரியில் நண்பன் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தபோது கிடைத்த இரண்டு டிஷ்யூ பேப்பர். அவ்வளவு வெள்ளையாக, பூப்போல் இருந்ததைக் கையைத் துடைத்துவிட்டு எறிய மனம் வராமல், எப்போதாவது உதவும் என்று பட்டச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்தான். எப்போதாவது என்பது இப்போதுதான். அது வராந்தாவில் இருக்கிறது. மேசை மேல் இருப்பது நுழைவுச்சீட்டு ஒன்றே. அதில் அவன் படம். படத்தின் மேல் தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்து. தன் முகத்தாலேயே தன் மூக்கைத் துடைப்பதா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, அரசாங்கக் கையெழுத்தில் மூக்கைத் துடைத்தால் என்ன தண்டனை என்று தெரியவில்லை. சட்டைத் தோள்? வெள்ளைச் சட்டை, அரைக்கை. தலையை வலது பக்கம் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் கேள்வித்தாள் இடது பக்கம் இருக்கிறது. கண்ணை எடுக்க வேண்டிவரும். கண்ணை மட்டும் எடுக்கமாட்டான். எதை விட்டாலும் அதை விடுவதாக இல்லை.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை கை நடுங்கியதில் போனது. இரண்டாம் தடவை வரி தாவியதில் போனது. இரண்டு வரிகள் 'ஆகவே' என்று தொடங்கின. பின்வரிசையில் யாரோ தும்ம, அவன் ஒரு கணம் நிமிர்ந்து, திரும்ப வரும்போது கண் கீழ் 'ஆகவே'யில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் இருந்த ஒன்றரை வரி இந்த உலகத்தில் அவனால் அடிக்கப்படாமலேயே போயிற்று. முடித்தபோது நேரம் மிச்சம் இருந்தது. வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டு வெளியே வந்து மாஸ்டரிடம்கூடச் சொன்னான். அந்த முட்டாள் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தட்டச்சர் வேலைக்கான அடுத்த அறிவிப்பு வரும்போது தட்டச்சு முதுநிலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பூரில் மாமா சொல்லிவைத்திருக்கும் பனியன் கம்பெனி இஸ்திரி மேசைக்குப் போகிறேன் என்று வீட்டில் அவனே வாக்குக் கொடுத்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை, அவனாகக் கொடுத்தான். அப்படித்தான் அவன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, "உங்க வீட்ல வேற யாரும் டிகிரி முடிக்கலையே?" என்று கிராம நிர்வாக அலுவலர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். இல்லை என்றால் முடிந்தது. இவன், "சித்தப்பா தபால் வழியில ஒரு வருசம் சேர்ந்திருந்தாரு சார்" என்றான். பேனா நின்றது. "பாஸ் பண்ணாரா?" "பரீட்சைக்கே போகல சார்." "அப்புறம் ஏன்டா சொல்ற?" கூட வந்திருந்த அப்பா, பேருந்து நிறுத்தம்வரைக்கும் அவனுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

மணி அடித்தது. முப்பத்திரண்டு மிஷின்களும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டன. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோன்ற அந்த இரைச்சலில் சோலைராஜுக்கு முதலில் தோன்றியது ஒரு பெரிய நிம்மதி. இனி எவ்வளவு உறிஞ்சினாலும் கேட்காது. உறிஞ்சினான். ஆசைதீர, வெட்கமில்லாமல், அடிவயிற்றிலிருந்து உறிஞ்சினான். விரல்கள் தாமாக ஓடின. 'அணையின் நீர்மட்டம் கடந்த சில நாட்களாகத் தொடர்ந்து உயர்ந்துவருவதால்' என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் விழித்துக்கொண்டது. அணையா? இன்றைக்கு, இந்த மூக்கை வைத்துக்கொண்டு, எனக்கு அணையா? மாஸ்டர் சொல்வார்: "படிக்காத. பாரு, அடி. அர்த்தம் உள்ள போச்சுன்னா வெரலு நின்னுரும்." அவன் அர்த்தத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தான். அது ஜன்னல் வழியாக வந்தது. 'நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் கனமழை காரணமாக நீர்வரத்து அதிகரித்துள்ளது.' அதிகரித்துத்தான் இருந்தது. உறிஞ்சியது அரை நிமிடம் நின்றது, பிறகு இரண்டு மடங்காக இறங்கியது. மிஷினின் சின்ன மணி அடித்தது, நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்கு வந்தான். தள்ளும்போது இடது கை ஒரு கணம் விசையை விட்டு மேலே வருகிறதே, அந்தக் கணத்தில் துடைத்தால் என்ன? கணக்குப் போட்டான். நொடிக்கு மூன்று எழுத்து. கை போக ஒரு நொடி, துடைக்க ஒன்று, திரும்பி வந்து 'யளனக' விசைகள் மேல் உட்கார ஒன்று, ஆக ஒன்பது எழுத்து. இருபது நொடிக்கு ஒரு சொட்டு வீதம் பத்து நிமிடத்துக்கு முப்பது சொட்டு, இருநூற்று எழுபது எழுத்து, நாலு வரி. போன தடவை ஒன்றரை வரிக்கே போய்விட்டது. கணக்கு முடிந்தபோது அவன் இரண்டு வரி அடித்து முடித்திருந்தான். அவை எப்படி வந்தன என்று அவனுக்குத் தெரியாது.

சொட்டு நுனிக்கு வந்துவிட்டது. பார்க்காமலேயே தெரிந்தது. மூக்கின் நுனியில் ஒரு எடை, மிகச் சிறிய எடை, ஆனால் உடம்பின் மொத்த எடையும் அங்கேதான் தொங்குவதுபோல. தலையை நிமிர்த்தினால் உள்ளே போகுமா, குனிந்தால் விழுமா, இப்படியே வைத்தால் எத்தனை வரிக்குத் தாங்கும்? குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் தொங்கிக்கொண்டே இருந்து, நாம் திரும்பும்போது சரியாக விழுமே, அந்தச் சொட்டு. காலையில் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். அந்தத் துண்டு அவருக்குத் தலையில் சும்மாடு, இடுப்பில் கச்சை, உட்கார விரிப்பு, வேர்வைக்கும் மூக்குக்கும் அதுதான். "துண்ட எடுத்துட்டுப் போடா, மூக்கு ஒழுகுதுல்ல." "அங்கெல்லாம் துண்டு போட்டுட்டுப் போகக்கூடாதுப்பா." "ஏன், மூக்கு ஒழுகாதவங்கதான் அங்க பரீட்ச எழுதுறாங்களா?" அவன் கைக்குட்டையை எடுத்துக் காட்டினான். கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா சந்தையில் வாங்கியது. படிக்கிற பிள்ளைக்கு கர்சீப் வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று வாங்கினாள். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் மூக்கைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்துக்கொண்டதில்லை. அதைச் சதுரமாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறபோதெல்லாம் அவனுக்கு ஒரு படி ஏறினாற்போல இருக்கும். அந்தப் படி இப்போது மிஷினுக்கு அடியில் இருக்கிறது. துண்டு இருந்திருந்தால்? மிஷினுக்கு அடியில் பாதியும் கழுத்தில் பாதியுமாக... சே, என்ன நினைப்பு, அடி, அடி, 'இன்று காலை பதினொரு மணியளவில் மதகுகள்'...

தும்மல் வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற தும்மல் இல்லை, கதவை உதைத்துக்கொண்டு வருகிறது. அவன் கண் மூடியது. மூடிய கண்ணின் இருட்டுக்குள்ளும் 'மதகுகள்' என்ற சொல் இருந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடிப்பதுபோல் மனதால் அமுக்கிப் பிடித்தான். கண் திறந்தபோது சொல் அங்கேயே இருந்தது. நல்ல பிள்ளை. சொட்டு போய்விட்டது. எங்கே போயிற்று? தாளிலா? விசைகள் மேலா? மெர்லின் மேலா? பார்க்கக்கூடாது. 'க' விசையில் மட்டும் விரல் இரண்டு தடவை விழுந்ததைக் காது கேட்டிருந்தது. மதகுககள். ஒரு பிழை. ஒரு பிழைக்கு ஒன்றும் ஆகாது. இதே மாதிரி பத்து ஆனால் ஆகும். தும்மிய அதிர்ச்சியில் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின, அல்லது அப்படித்தான் அவன் நினைத்தான். ஒவ்வொரு தடவையும் நெம்புகோலைத் தள்ளும்போது மிஷின் லேசாக டக், டக் என்றது. என் கால் நடுக்கம் மேசையில் ஏறி மிஷினுக்குப் போகிறது என்று முடிவு செய்தான். அதே நேரத்தில் அவன் தொடையில் ஏதோ ஒன்று மெத்தென்று வந்து விழுந்தது.

பல்லி. கூடத்துக்குள் வரும்போதே சுவரில் ஒன்றைப் பார்த்தான், மேசை ஓரமாக இறங்கி வந்திருக்கிறது. அவன் உடம்பு முழுவதும் மயிர் எழுந்தது, விரல்கள் மட்டும் எழவில்லை. பல்லி தொடையில் விழுந்தால் என்ன பலன்? வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் போட்டிருக்கும். தலை என்றால் நன்றாக ஞாபகம் இருக்கிறது, கலகம். தொடை? இடது தொடைக்கு ஒன்று, வலது தொடைக்கு ஒன்று. ஒன்று நல்லது, இன்னொன்று பெற்றோருக்குக் கேடோ என்னவோ. வரலாற்றில் பட்டம் வாங்கியவன் பல்லிப் பலனுக்குப் பயப்படலாமா என்று ஒரு குரல் கேட்டது. பட்டம் வாங்கியவனுடைய மடியிலும் பல்லி விழும் என்றது இன்னொரு குரல். அது அசையவில்லை. செத்த பல்லியா? செத்ததற்குப் பலன் தனியாக உண்டா? 'தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள்' என்று விரல் போய்க்கொண்டிருந்தது. தாழ்வான பகுதியில் பல்லி வசித்துக்கொண்டிருந்தது. மேலே மறுபடியும் சொட்டு சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை அது நுனிக்குப் போகவில்லை, வழி மாறி, மேலுதட்டுக்கு இறங்கி, இரண்டு வருடமாகக் கஷ்டப்பட்டு வளர்த்த மீசையில் தேங்கியது. மீசை இருப்பதில் இப்படியொரு உபயோகம் உண்டென்று அவனுக்கு இதுவரை தெரியாது. தடுப்பணை. எவ்வளவு நேரம் தாங்கும்? மூக்கு அடைத்துவிட்டது, மூச்சுக்கு வாயைத் திறந்தே ஆகவேண்டும், திறந்தால்... வந்துவிட்டது. இரண்டு வரிகள் வந்துவிட்டன. ஒன்றின் கீழ் ஒன்று விட்டு, இரண்டும் 'மேலும்' என்று தொடங்கின.

அவற்றைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான், இரட்டைப் பிள்ளைகள் கைகோத்து வருவதுபோல் வந்தன. தோளில் இழுத்துவிட வேண்டும் என்று கழுத்து துடித்தது. ஒரே ஒரு இழுப்பு. அரை நொடி. போன தடவையும் அரை நொடிதான். கையை எடுக்க முடியாது, தலையைத் திருப்ப முடியாது, மூக்கோ நிற்பதாக இல்லை. இப்படி எங்கேயோ முன்பே நடந்திருக்கிறது, எங்கே? பூ மார்க்கெட். அவனுக்கு ஏழெட்டு வயது. அப்பா மல்லிகைச் சிப்பத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறார். மழைக்காலம், சாக்கிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிகிறது, மூக்கும் சேர்ந்து வழிகிறது. துண்டு சுமைக்கு அடியில் சும்மாடாக இருக்கிறது. அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அப்பா, மூக்கு ஒழுகுது" என்கிறான். "தெரியுது." "என்ன பண்ணுவ?" "ஒழுகும். என்ன பண்ண? எறக்கி வச்சுட்டுத் தொடச்சுக்குவேன். நடுவுல வராத, தள்ளு." அவ்வளவுதான். எரிச்சலில் சொன்னது. சொன்னவருக்கு மறுநாளே மறந்துபோயிருக்கும். துண்டு சுமைக்கு அடியில் என்பது மட்டும் சோலைராஜுக்கு இப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வாய் திறந்தது, மீசை உடைந்தது. உப்பு. சரி. உப்புத்தான். முதல் 'மேலும்' அடித்தான். ஒழுகட்டும். இடது துவாரமும் சேர்ந்துகொண்டது, அதுவும் ஒழுகட்டும். உதட்டைத் தாண்டி, தாடையைத் தாண்டி, சட்டைக் காலருக்குள் போகட்டும். இரண்டு 'மேலும்'களுக்கும் நடுவில் இருந்த வரியை, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணால் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு இரண்டாவது 'மேலும்'. மிஷின் டக், டக் என்று நொண்டியது, நொண்டட்டும். மடியில் பல்லி இருந்தது, இருக்கட்டும். அர்த்தம் போய்விட்டது. அணை இல்லை, மதகு இல்லை, எழுத்துகள் எறும்பு வரிசைபோல் வந்துகொண்டே இருந்தன. அவன் ஒவ்வொன்றையும் தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தான். '...பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' புள்ளி. அடுத்த எழுத்துக்குக் கண் தேடியது. காகிதம் வெள்ளையாக இருந்தது. முடிந்துவிட்டதா என்று அவன் சந்தேகப்படத் தொடங்கும்போது மணி அடித்தது.

முப்பத்திரண்டு பேரின் அறுபத்துநாலு கைகளும் மேலே போயின. இரைச்சல் அறுந்த இடத்தில் காது ரீங்கரித்தது. போன தடவை நேரம் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை ஒரு மூச்சுகூட மிச்சம் இல்லை. அதுவே நல்ல அறிகுறி. தன் தாளை இருந்த இடத்திலிருந்தே பார்த்தான். அங்கே முதல் 'மேலும்', அதற்குக் கீழே நடுவரி, அதற்குக் கீழே இரண்டாவது 'மேலும்'. எண்ணினான். மறுபடி எண்ணினான். நடுவரி அங்கேதான் இருந்தது. தாளில் சொட்டு எதுவும் இல்லை. சொட்டெல்லாம் அவன் முகத்தில் இருந்தது. "அண்ணே" என்றாள் மெர்லின், கையைத் தூக்கியபடியே, சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீரோடு. "மடியப் பாருங்க." அவன் பார்த்தான். வலது தொடையில், எட்டாக மடித்தது மடித்தபடியே, நீலக் கோடு போட்ட கைக்குட்டை இருந்தது. மிஷினின் வலது முன்கால் மேசைக்கு ஒரு நூல் மேலே அந்தரத்தில் நின்றது. எப்போது நழுவியது? தும்மியபோதே. அரைவாசி நேரத்துக்கு மேல் மிஷின் மூன்று காலில் நின்று அடித்திருக்கிறது. அரைவாசி நேரத்துக்கு மேல் கைக்குட்டை அவன் மடியிலேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எடுக்கலாமா? எதையும் தொடக்கூடாது. கைகள் மேலேயே இருந்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் மூக்கு நுனியில் கடைசிச் சொட்டு ஒன்று சேர்ந்து, கனத்து, நிதானமாக இறங்கி, கைக்குட்டையின் சரி நடுவில் விழுந்தது.

மேற்பார்வையாளர் வரிசையாகத் தாளை உருவிக்கொண்டு வந்தார். சோலைராஜிடம் வந்ததும் நின்றார். "என்ன தம்பி, அழுகுறியா?" "இல்ல சார். சளி." அவர் தாளை உருவி, நுனியில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சோலைராஜின் இதயம் அந்தத் தாளோடு சேர்ந்து திரும்பியது. "முடிச்சிட்டியா?" "முடிச்சிட்டேன் சார். மதகுகள்ங்கறதுல ஒரு 'க' கூட விழுந்திருச்சு." அவர் அவனை உற்றுப் பார்த்தார். "அத ஏன்யா எங்கிட்ட சொல்ற?" என்றார். பிறகு தாளை மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கிக்கொண்டு, "கைய எறக்கு, மொதல்ல தொட" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கைகளை இறக்கினான். தோள்பட்டை இரண்டும் சுமை இறக்கினதுபோல் வலித்தன. கைக்குட்டையை எட்டிலிருந்து நாலாக்கி, நாலிலிருந்து இரண்டாக்கி, முழுசாக விரித்து முகத்தில் பொத்தி, பத்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் சீந்தினான். கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். "அண்ணே" என்றாள் மெர்லின். "இன்னும் பத்து நிமிசத்துல அடுத்த தாளு. ஒரு மணி நேரம். மிஷினுக்கு அடியில என்னத்த வைப்பீங்க?" சோலைராஜ் கைக்குட்டைக்கு மேலாக ஏழாம் நம்பரைப் பார்த்தான். வலது முன்காலைத் தூக்கிக்கொண்டு அது சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

"அது நிக்கும்" என்றான், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமல்.